அறுவை சிகிச்சைக்கு முன்பாகப் பேசவேண்டிய வார்த்தைகள்



ஞாயிறு ஆராதனையின் முடிவில் வாசிக்கப்படும் ஜெபக்குறிப்புகளில் ஆபரேஷனைப் பற்றிய குறிப்பு இல்லாத வாரம் அரிது. ஒரு சகோதரரின் தகப்பனாருக்கு இருதய ஆபரேஷன், ஒரு சகோதரியின் தாயாருக்குக் குடலில் கட்டி, இன்னொருவருக்கு இடுப்பு எலும்பு முறிவு. நாம் கருத்தாய் ஜெபிக்கிறோம். சிகிச்சை நன்மையாய் முடியவும், மருத்துவர்களின் கரங்களைக் கர்த்தர் நடத்தவும் வேண்டிக்கொள்ளுகிறோம். இந்த ஜெபத்தில் குறை ஒன்றும் இல்லை.

ஆனால் ஜெபத்தோடுகூட நடக்கவேண்டிய ஒரு பேச்சு நம்முடைய வீடுகளில் நடப்பதில்லை. நாம் எதிர்பார்த்தபடி காரியம் முடியாவிட்டால் என்ன செய்வது? எந்தச் சிகிச்சை வரைக்கும் போகவேண்டும், எங்கே நிறுத்தவேண்டும்? இதைக்குறித்து நோயாளியின் விருப்பம் என்ன? இந்தக் கேள்விகளை அபசகுனம் என்று புறஜாதியார் ஒதுக்குகிறார்கள். நாமோ அவிசுவாசம் என்று சொல்லி ஒதுக்குகிறோம். பெயர்தான் வேறு, விளைவு ஒன்றே.

பிழைப்பிற்காக மும்பைக்கும் பெங்களூருக்கும் டெல்லிக்கும் வந்து குடியேறிய நம்மைப் போன்ற குடும்பங்களில் இந்த மௌனத்தின் விலை இன்னும் அதிகம். மகன் தாராவியில் இருக்கிறான். தாய் திருநெல்வேலிப் பக்கத்துக் கிராமத்தில் இருக்கிறாள். பெரிய ஆஸ்பத்திரி இங்கே இருப்பதால் தாயை ரயிலேற்றி அழைத்து வருகிறார்கள். மருத்துவர் இந்தியில் பேசுகிறார். படிவம் ஆங்கிலத்தில் இருக்கிறது. தாய்க்குத் தமிழ் மாத்திரமே தெரியும். "சின்ன ஆபரேஷன்தான் அம்மா, பயப்படாதீர்கள்" என்று மகன் சொல்லிவிட்டுக் கையெழுத்திடுகிறான். நான்காம் நாளில் தாய் வென்டிலேட்டரில் கிடக்கிறாள். ஊரிலிருக்கும் மூத்த அண்ணன் தொலைபேசியில், "என்ன செலவானாலும் எல்லாவற்றையும் செய்யுங்கள்" என்கிறார். சென்னையிலிருக்கும் அக்காள், "அம்மாவை இனியும் வதைக்காதே தம்பி" என்று அழுகிறாள். இருவரும் அன்பினாலேயே பேசுகிறார்கள். ஆனால் தாயின் மனம் என்னவென்று ஒருவருக்கும் தெரியாது. பேசக்கூடிய நாளில் அவளிடம் யாரும் கேட்கவில்லை.

இது அவிசுவாசமா?

எசேக்கியா ராஜா மரணத்துக்கு ஏதுவாய் வியாதிப்பட்டபோது, ஏசாயா தீர்க்கதரிசி கொண்டுவந்த செய்தியில் வீட்டுக் காரியங்களை ஒழுங்குபடுத்தும்படியான கட்டளை இருந்தது (2 இராஜா. 20, ஏசா. 38). ராஜா சுவர்ப்புறமாய்த் திரும்பி அழுது ஜெபித்தார். கர்த்தர் 15 வருஷங்களைக் கூட்டிக்கொடுத்தார். அதே வேளையில் அத்திப்பழ அடையைப் பிளவையின்மேல் வைக்கவும் சொல்லப்பட்டது. ஒரே அதிகாரத்தில் ஒழுங்குபடுத்துதலும், ஜெபமும், மருந்தும், அற்புதமும் இருக்கின்றன. இவற்றில் ஒன்று மற்றொன்றுக்கு விரோதமானது என்று வேதம் சொல்லவில்லை.

யாக்கோபு எகிப்தில் மரிக்குமுன்னே தன்னை எங்கே அடக்கம்பண்ணவேண்டும் என்று யோசேப்பிடம் ஆணை வாங்கிக்கொண்டார். யோசேப்பு தன் எலும்புகளைக்குறித்துக் கட்டளை கொடுத்தார். எபிரெயர் 11-ஆம் அதிகாரம் அதை விசுவாசத்தின் கிரியையாகவே எண்ணுகிறது. நம்முடைய ஆண்டவரும் சிலுவையின் வேதனையில் தம்முடைய தாயை அன்பான சீஷனிடத்தில் ஒப்புவித்தார் (யோவா. 19). முடிவைக்குறித்துப் பேசி, தமக்குரியவர்களுக்கு ஏற்பாடு செய்வது விசுவாசிகளின் பழைய வழக்கம்.

ஆசா ராஜாவைச் சுட்டிக்காட்டிச் சிலர் கேட்கலாம் (2 நாளா. 16). அங்கே அவன் வைத்தியரைத் தேடினதுதானே குற்றமாயிற்று? கர்த்தரைத் தேடாமல் வைத்தியரை மாத்திரம் தேடினதே அங்கே குறையாகச் சொல்லப்படுகிறது. பவுலின் கூடவே வைத்தியனாகிய லூக்கா இருந்தார். அற்புதங்களைக் கண்ட அதே பவுல் துரோப்பீமுவை வியாதிப்பட்டவனாக மிலேத்துவில் விட்டுவந்ததையும் மறைக்காமல் எழுதினார் (2 தீமோ. 4:20). தேவன் சுகமாக்குகிறவர் என்று நாம் விசுவாசிக்கிறோம். எப்பொழுது, எவ்விதமாக என்பதை அவருடைய சித்தத்திற்கு விடுகிறோம். அந்த ஒப்புக்கொடுத்தலில் இந்தப் பேச்சும் ஒரு பகுதி.

மருந்தே எடுக்காமல் தெய்வீக சுகத்தை மாத்திரம் சார்ந்து வாழும் விசுவாசிகளும் நம்மிடையே உண்டு. சுயநினைவுள்ள, வயது வந்த ஒருவர் தனக்கான சிகிச்சையை மறுக்கலாம்; அது அவருடைய உரிமை. ஆகிலும் அவர் அதைத் தன் சொந்த வாயினால் முன்கூட்டியே சொல்லியிருக்க வேண்டும். மகனுடைய விசுவாசத்தைத் தாயின் சரீரத்தின்மேல் சுமத்தக்கூடாது. பிள்ளைகளுக்கு அவசர சிகிச்சை கிடைக்காமல் தடுக்கவும் கூடாது.

தியேட்டருக்குள் என்ன நடக்கிறது?

இருதயம் நின்றவரின் மார்பை வெளியிலிருந்தே அமுக்கி இரத்த ஓட்டத்தை நடத்தும் முறையை அமெரிக்காவின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவர்கள் 1960-இல் வெளியிட்டார்கள். திடீரென்று இருதயம் நின்ற அநேகரை இது காப்பாற்றியிருக்கிறது. ஆனால் பல நோய்களால் தளர்ந்துபோன முதியவர்களில் மிகச் சிலரே இதனால் பிழைத்து வீடு திரும்புகிறார்கள். விலா எலும்புகள் முறிவதும் உண்டு. ஆகவே முற்றிய நோயில் இருப்பவர்களுக்கு, "இருதயம் நின்றால் மீண்டும் இயக்க முயலவேண்டாம்" என்று முன்னதாகவே தீர்மானித்து எழுதிவைக்கும் முறை உண்டாயிற்று. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமும் 2020-இல் இதற்கான வழிகாட்டுதலை வெளியிட்டது.

இதைப் பற்றிய பெரிய தவறான எண்ணம் ஒன்று உண்டு. "அப்படி எழுதினால் நம்மைக் கவனிக்கமாட்டார்கள், ஒரு மூலையில் போட்டுவிடுவார்கள்" என்று பலர் அஞ்சுகிறார்கள். அந்தக் குறிப்பு இருதயத்தை மீண்டும் இயக்கும் முயற்சி ஒன்றைப் பற்றியது மாத்திரமே. மருந்து, இரத்தம், வலி நிவாரணம், ஆகாரம், பராமரிப்பு ஒன்றையும் அது நிறுத்தாது. அறுவை சிகிச்சையைக்கூட அது தடுக்காது.

ஓர் உதாரணம் பாருங்கள். முற்றிய புற்றுநோயுள்ள 80 வயதுத் தாயார் குளியலறையில் வழுக்கி விழுந்து இடுப்பு எலும்பை முறித்துக்கொள்ளுகிறார். ஆபரேஷன் செய்யாவிட்டால் ஒவ்வொரு அசைவிலும் தாங்கமுடியாத வேதனை. படுக்கைப் புண்ணும் நிமோனியாவும் பின்தொடரும். எலும்பைப் பொருத்துவதால் புற்றுநோய் குணமாகாது. ஆனாலும் வேதனை குறையும். புரட்டிப் படுக்கவைக்கவும் உட்காரவைக்கவும் முடியும். ஆகவே இருதயத்தை மீண்டும் இயக்கவேண்டாம் என்று சொன்னவருக்கும் இந்த ஆபரேஷன் தகுந்ததே.

ஆனால் இங்கே ஒரு சிக்கல் எழுகிறது. முழு மயக்கம் கொடுக்கும்போது சுவாசக் குழாய் போடுவதும், இரத்த அழுத்தத்தை மருந்தினால் தாங்குவதும் வழக்கமான வேலை. தியேட்டரில் இருதயம் நின்றால் பெரும்பாலும் அதற்கு இரத்தப்போக்கு, மருந்தின் விளைவு, சுவாசத் தடை போன்ற உடனே தெரியும் காரணம் இருக்கும். மருத்துவரும் பக்கத்திலேயே நிற்கிறார். ஆகையால் வார்டில் இருதயம் நிற்பதைவிடத் தியேட்டரில் நிற்கும்போது மீளும் வாய்ப்பு அதிகம். அப்படியானால் முன்பு எழுதிய குறிப்பை என்ன செய்வது?

தியேட்டருக்குள் நுழைந்தவுடனே அந்தக் குறிப்பு தானாக ரத்தாகிவிடும் என்று முன்பு பல இடங்களில் எண்ணினார்கள். அமெரிக்க மயக்கவியல் மருத்துவர் சங்கம் 1993-இலும், அதைத் தொடர்ந்து அந்நாட்டின் அறுவை மருத்துவர் கல்லூரியும் அப்படிச் செய்யக்கூடாது என்றன. நோயாளியைக் கேட்காமல் அதை ரத்து செய்யவும் கூடாது, யோசிக்காமல் அப்படியே தொடரவும் கூடாது. ஆபரேஷனுக்கு முன் உட்கார்ந்து மீண்டும் பேசவேண்டும் என்பதே அவர்கள் சொன்ன வழி. மூன்று விதமாக ஒத்துக்கொள்ளலாம். ஆபரேஷன் நேரத்திற்கு மாத்திரம் அந்தக் கட்டுப்பாட்டை முழுவதும் விலக்கலாம். குழாயும் மருந்தும் சரி, மார்பை அமுக்குவது வேண்டாம் என்று பிரித்துச் சொல்லலாம். சீக்கிரம் சரியாகக்கூடிய காரணமானால் முயலுங்கள், இல்லாவிட்டால் விட்டுவிடுங்கள் என்று மருத்துவரின் நிதானத்துக்கு ஒப்புவிக்கலாம். எதைத் தெரிந்துகொண்டாலும், பழைய கட்டுப்பாடு எந்த நேரத்தில் மீண்டும் தொடங்கும் என்பதையும் குறித்துவைக்கவேண்டும்.

எல்லாமா, ஒன்றுமே இல்லையா?

"எல்லாவற்றையும் செய்யுங்கள்" என்றும், "போதும்" என்றும் இரண்டே வார்த்தைகள்தான் நமக்குத் தெரியும். இவ்விரண்டுக்கும் நடுவே நல்ல வழி உண்டு. அதைக் காலவரையறையுள்ள முயற்சி என்று சொல்லலாம். ஆபரேஷனுக்குப்பின் சுவாசம் தடுமாறினால் வென்டிலேட்டர் வைக்கலாம். ஆனால் சில நாட்கள் கழித்து மருத்துவரும் குடும்பமும் உட்கார்ந்து பார்க்கவேண்டும். தேறுகிறாரா? ஆம் என்றால் தொடரலாம். உறுப்புகள் ஒவ்வொன்றாய்ச் செயலிழக்கின்றனவா? அப்படியானால் டயாலிசிஸ் போன்ற புதிய பாரங்களைக் கூட்டாமல், வேதனையைத் தணிக்கும் வழிக்குத் திரும்பலாம். எத்தனை நாள், எதை அடையாளமாகப் பார்ப்பது என்பதை ஆபரேஷனுக்கு முன்பே கேட்டுவையுங்கள். அப்பொழுது நான்காம் நாள் இரவில் தொலைபேசியில் சண்டையிடவேண்டிய அவசியம் வராது.

தொடங்காமல் இருப்பது சரி, தொடங்கியதை நிறுத்துவதோ கொலை என்று அநேகர் கலங்குகிறார்கள். பயனற்ற சிகிச்சையை விலக்கும்போது நோயே அவரை எடுத்துக்கொள்ளுகிறது, நாம் கொல்லுவதில்லை. மரிக்கச்செய்யும் நோக்கத்தோடு ஊசி போடுவது முற்றிலும் வேறு காரியம். அதை நம் மனச்சாட்சியும் ஏற்காது, இந்தியச் சட்டமும் ஏற்காது.

யாருடைய சம்மதம்?

டெல்லியில் ஒரு பெண் பரிசோதனைக்காக மயக்கம் கொடுக்கப்பட்டிருந்த வேளையில், வெளியே இருந்த தாயாரிடம் சம்மதம் வாங்கி அவருடைய கர்ப்பப்பையை அகற்றிய வழக்கில் உச்ச நீதிமன்றம் 2008 ஜனவரியில் தீர்ப்பளித்தது. உயிருக்கு உடனடி ஆபத்து இல்லாதபோது, சுயமாய்த் தீர்மானிக்கக்கூடிய வயது வந்தவருக்குப் பதிலாகத் தாய் கொடுத்த சம்மதம் செல்லாது என்று நீதிபதிகள் சொன்னார்கள். பரிசோதனைக்குக் கொடுத்த சம்மதம் ஆபரேஷனுக்குச் சம்மதமாகாது என்றும் தெளிவாக்கினார்கள்.

இந்தத் தீர்ப்பு நம் வீடுகளுக்கு ஒரு பாடம். சுயநினைவுள்ள தாயின் ஆபரேஷனுக்கு மகன் கையெழுத்திட்டால் மாத்திரம் போதாது. அவளுக்குப் புரியும் மொழியில் விளக்கம் கிடைக்கவேண்டும். மருத்துவருக்குத் தமிழ் தெரியாவிட்டால், தமிழ் தெரிந்த செவிலியரையோ சபையிலுள்ள ஒருவரையோ அழைத்துக்கொள்ளுங்கள். மொழிபெயர்க்கிறவர் பயமுறுத்தும் பகுதியை விட்டுவிடாமல், உள்ளதை உள்ளபடி சொல்லவேண்டும். அதிர்ச்சியைத் தாங்கமாட்டாள் என்று நாம் மறைக்கிறோம். ஆனால் பிள்ளைகளின் முகத்தைப் பார்த்தே பெற்றோர் பாதியை அறிந்துகொள்ளுகிறார்கள். மீதிப் பாதியை அவர்கள் தனிமையில் சுமக்கிறார்கள்.

சட்டம் தரும் இடம்

2018 மார்ச் 9-இல் உச்ச நீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகள் அடங்கிய அரசியல் சாசன அமர்வு, குணமாகும் நம்பிக்கையற்ற நிலையில் செயற்கையாய் உயிரை நீட்டிக்கும் சிகிச்சையை வேண்டாமென்று ஒருவர் முன்கூட்டியே எழுதிவைக்கலாம் என்று தீர்ப்பளித்தது. அப்போது விதிக்கப்பட்ட நடைமுறை கடினமாயிருந்ததால், 2023 ஜனவரி 24-இல் அது எளிதாக்கப்பட்டது. அதன் சாராம்சம் இது:

18 வயது நிறைந்த, தெளிந்த மனமுள்ள எவரும் இந்தப் பத்திரத்தை எழுதலாம். இரண்டு சாட்சிகள் முன்னிலையில் கையெழுத்திட்டு, நோட்டரி அல்லது கெஜட்டட் அதிகாரியின் சான்றைப் பெறவேண்டும். தன்னால் பேசமுடியாத நேரத்தில் தனக்காகத் தீர்மானிக்க ஒருவருக்கு மேற்பட்ட பாதுகாவலர்களையோ நெருங்கிய உறவினரையோ பெயர் சொல்லி நியமிக்கலாம். எப்பொழுது வேண்டுமானாலும் எழுத்து மூலமாக மாற்றலாம், ரத்தும் செய்யலாம்.

பத்திரம் இருப்பதனாலேயே ஒருவரும் அவசரப்பட்டுச் சிகிச்சையை நிறுத்திவிட முடியாது. மருத்துவமனையின் முதல் மருத்துவக் குழுவும், அதன்பின் இரண்டாம் குழுவும் ஆராய்ந்து ஒத்துக்கொள்ளவேண்டும். நடைமுறைப்படுத்துமுன் மாஜிஸ்திரேட்டுக்கும் தெரிவிக்கவேண்டும். பத்திரம் எழுதாதவர்களுக்கும், நெருங்கிய உறவினரின் சம்மதத்தோடு இதே வழி திறந்திருக்கிறது. கர்நாடக அரசின் சுகாதாரத் துறை 2025 ஜனவரியில் இதை நடைமுறைப்படுத்த ஆணை பிறப்பித்தது.

நோயாளி விழித்திருந்து பேசக்கூடியவராய் இருக்கும்வரை இந்தப் பத்திரத்திற்கு வேலையே இல்லை. அவருடைய சொந்த வார்த்தையே முதன்மையானது.

வழியிலே மரிப்பவர்கள்

குடியேறிய குடும்பங்களில் அதிகமாய் நடக்கும் ஒரு துயரத்தைச் சொல்லியாகவேண்டும். பணமும் நம்பிக்கையும் தீர்ந்தபின், "மருத்துவர் ஆலோசனைக்கு மாறாக" என்று கையெழுத்திட்டு, நோயாளியை ஆம்புலன்சில் ஏற்றி ஊருக்குப் புறப்படுகிறார்கள். ஊர் மண்ணில் அடக்கம்பண்ணும் விருப்பம் நியாயமானது. யாக்கோபும் அதையே கேட்டார். ஆனால் அப்படிப் போகிறவருக்கு வலி மருந்தும் இல்லை, மூச்சுத்திணறலைத் தணிக்க ஒருவரும் இல்லை. அநேகர் வழியிலேயே வேதனையோடு மரிக்கிறார்கள்.

இதற்கு மாற்று வழி உண்டு. தணிப்பு சிகிச்சை என்பது குணமாக்க இயலாத இடத்திலும் வேதனையை நீக்கி ஆதரிக்கும் மருத்துவம். இதன் நவீன வடிவத்தை லண்டனில் 1967-இல் செயின்ட் கிறிஸ்டோபர்ஸ் இல்லத்தைத் திறந்து தொடங்கியவர் சிசிலி சாண்டர்ஸ் என்ற விசுவாசமுள்ள கிறிஸ்தவப் பெண்மணி. மும்பை பாந்த்ராவில் 1986-இல் சாந்தி ஆவேத்னா சதன் தொடங்கியது. பெங்களூரில் கருணாஸ்ரயா 1999 முதல் புற்றுநோயாளிகளை இலவசமாய்ப் பராமரித்துவருகிறது. டெல்லியில் கேன்சப்போர்ட் வீட்டுக்கே வந்து கவனிக்கிறது. மார்ஃபின் கிடைப்பதை எளிதாக்கும்படி 2014-இல் சட்டமும் திருத்தப்பட்டது. பெரிய ஆபரேஷனுக்கு முன்னதாகவே, "இங்கே தணிப்பு சிகிச்சைப் பிரிவு உண்டா? ஊரில் யாரை அணுகலாம்?" என்று கேளுங்கள். ஊருக்குப் போகவே விரும்பினால், இன்னும் பயணத்தைத் தாங்கும் பெலன் இருக்கையில், மருந்தும் ஆலோசனையும் கையில் வாங்கிக்கொண்டு போங்கள்.

இருபுறமும் விழிப்பு

எல்லை வகுப்பதில் வலதுபுறமும் இடதுபுறமும் கண்ணி உண்டு. சகோதரருக்கும் சபைக்கும் முன்பாக நல்ல பிள்ளை என்று பேர் வாங்குவதற்காகப் பெற்றோரைக் குழாய்களுக்கு ஒப்புக்கொடுப்பது ஒன்று. வீட்டை விற்று, வட்டிக்கு வாங்கி, பேரப்பிள்ளைகளின் படிப்பையும் இழந்து, முடிவில் ஐந்து நாள் மரணத்தை நீட்டியவர்கள் உண்டு. செலவை மிச்சப்படுத்துவதற்காக, விதவையான தாயை "உங்களுக்கு வயதாகிவிட்டது" என்று மெல்ல ஒதுக்குவது இரண்டாவது. குணமாகக்கூடிய நோயை வயதைக் காட்டி விட்டுவிடுவதும் பாவமே. பிள்ளைகளுக்குப் பாரமாக இருக்கக்கூடாதென்று தாய் சொல்லும் "வேண்டாம்" அவளுடைய உண்மையான விருப்பம்தானா என்று சோதித்தறியுங்கள். பிள்ளைகள் இல்லாத நேரத்தில் மருத்துவரோ போதகரின் மனைவியோ அவளிடம் பேசுவது நல்லது.

சபைக்கும் ஒரு வார்த்தை. யாக்கோபு 5-ஆம் அதிகாரத்தின்படி மூப்பர்கள் எண்ணெய் பூசி ஜெபிக்க வருகிறார்கள். அந்த வேளையே இந்தப் பேச்சைத் தொடங்கத் தகுந்த வேளை. ஜெபித்து முடித்தபின், "அம்மா, உங்கள் மனதில் என்ன இருக்கிறது?" என்று கேட்டுக் காத்திருங்கள். வென்டிலேட்டரை விலக்கச் சம்மதித்த குடும்பத்தை, "இன்னும் கொஞ்சம் விசுவாசித்திருந்தால்" என்று சொல்லிக் காயப்படுத்தாதிருங்கள். லாசருவை உயிரோடு எழுப்பின ஆண்டவருக்கு வென்டிலேட்டர் அவசியமில்லை.

கேட்டு எழுதிக்கொள்ளுங்கள்

ஆபரேஷன் தேதி குறித்தவுடன், நோயாளியோடுகூட உட்கார்ந்து மருத்துவரிடம் இவற்றைக் கேளுங்கள்:

1. இந்த ஆபரேஷனால் எதை எதிர்பார்க்கலாம்: நோய் குணமாகுமா, ஆயுள் நீளுமா, வேதனை குறையுமா?

2. மிக நன்றாய் முடிந்தால் எப்படி இருப்பார்? மிக மோசமாய்ப் போனால்? இவருடைய வயதுக்கும் நோய்க்கும் பெரும்பாலும் நடப்பது என்ன?

3. ஆபரேஷன் செய்யாவிட்டால் என்ன ஆகும்? வேறு வழி உண்டா?

4. ஐ.சி.யு.வில் வைக்க நேர்ந்தால் எத்தனை நாள் முயன்று பார்ப்போம்?

5. இருதயம் நின்றால் என்ன செய்வீர்கள்? தியேட்டருக்குள்ளும் வார்டிலும் அது ஒன்றுதானா?

பின்பு வீட்டில் நோயாளியிடம் கேளுங்கள்: உங்களுக்கு எது மிக முக்கியம்? எதைத் தாங்கமுடியும், எதைத் தாங்கமுடியாது? உங்களுக்காகப் பேசவேண்டியது எங்களில் யார்? பதிலைத் தமிழிலேயே எழுதி, தேதியிட்டு, ஊரிலுள்ள சகோதர சகோதரிகள் எல்லாருக்கும் வாசித்துக் காட்டுங்கள். பிரதி ஒன்றை மருத்துவரின் கோப்பில் சேர்க்கச் சொல்லுங்கள். இப்படி எழுதிய காகிதம் நோட்டரி சான்று பெற்ற பத்திரத்திற்கு ஈடாகாது. ஆனால் தாயின் மனதை அறியாமல் பிள்ளைகள் பிரிந்துபோவதைத் தடுக்க அது போதும்.

பிரியமானவர்களே, பவுல் அப்போஸ்தலன் தேகத்தைவிட்டுப் பிரிந்து கிறிஸ்துவுடனே இருக்கவும் வாஞ்சித்தார், சபைக்காகத் தரித்திருக்கவும் ஆயத்தமாயிருந்தார் (பிலி. 1). இரண்டையும் சபைக்கு மறைக்காமல் எழுதினார். அவ்விதமாய்ப் பேசும் தைரியம் நம் வீடுகளிலும் உண்டாகட்டும். இந்த வாரத்துக் குடும்ப ஜெபத்தில் வயதான பெற்றோரிடம் ஒரு கேள்வியையாவது கேளுங்கள். அவர்கள் பதில் சொல்லும்வரை குறுக்கே பேசாமல் கேட்டுக்கொண்டிருங்கள். கர்த்தர்தாமே உங்களுக்கு ஞானத்தையும் சமாதானத்தையும் அருளிச்செய்வாராக. ஆமென்.